பட்டுப் புடவையை நிறம் மாறாமல் படமெடுக்க: விளக்கு, கேமரா, எடிட்டிங், வீடியோ – முழுமையான வழிகாட்டி

வீட்டிலிருந்தபடியே புடவை விற்பவர்களுக்கு வரும் புகாரில் பாதி இதுதான்: “போட்டோவில் பார்த்த கலர் வேற, கையில் வந்த கலர் வேற.” போட்டோவில் ராமர் பச்சை, பார்சலைப் பிரித்தால் மயில்கழுத்து. புடவை திரும்பி வரும், கூரியர் செலவு நம் தலையில் விழும், அந்த வாடிக்கையாளர் அடுத்த தடவை வாங்கவும் மாட்டார்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த ஆப்பில் எடிட் செய்யலாம் என்றுதான். முதல் இரண்டு நாள் கம்ப்யூட்டரைத் திறக்கவே நான் விடுவதில்லை. அறை, விளக்கு, கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்கப் பிடிக்கும் சாம்பல் அட்டை) இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஒரு புடவையை எடிட் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது; இவை தப்பாக இருந்தால் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் சரிவராது. நானே ஆரம்பத்தில் பன்னிரண்டு புடவையை டியூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்திருந்த அறையில் எடுத்துவிட்டு, இரண்டு ராத்திரி சரிசெய்யப் பார்த்தேன். வலது பக்கத்தைச் சரிசெய்தால் இடது பக்கம் நீலம் பாய்ந்தது. கடைசியில் பன்னிரண்டையும் திரும்ப எடுத்தேன். அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

கேமராவைவிட விளக்குக்குத்தான் அதிகம் செலவு செய்ய வேண்டும். ஓரளவு நல்ல போன் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும், ரா ஃபைலாக (கேமரா எதையும் மாற்றாத மூலப் படமாக) எடுக்க வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் புரோ மோடுக்குள் இருக்கும்.

விளக்கு வாங்கும்போது வாட் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் பெட்டியில் சிஆர்ஐ எவ்வளவு என்று பாருங்கள். சூரிய வெளிச்சத்தில் நிறங்கள் எப்படித் தெரியுமோ அதற்கு எவ்வளவு பக்கத்தில் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது, 100-க்குப் போடுவது. 95-க்கு மேல் இருக்கட்டும். அதோடு ஆர்9 என்று தனியாக ஓர் எண் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். அழுத்தமான சிவப்பை அந்த விளக்கு எப்படிக் காட்டும் என்பதற்கானது. மலிவான எல்இடி பல்புகள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். அரக்குப் புடவை அந்த வெளிச்சத்தில் செங்கல் போலத் தெரியும், அதை எந்த எடிட்டிங்கும் முழுதாக மீட்டுத் தராது, ஏனென்றால் விளக்கிலேயே இல்லாத நிறம் துணியிலிருந்து திரும்பி வர வழியில்லை.

மற்றவை: ஒரு சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் மேல் மாட்டி வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி, குறைந்தது இரண்டடிக்கு மூன்றடி), அதற்கு ஸ்டாண்ட், ஆட்டம் காட்டாத டிரைபாட், ஒரு கிரே கார்டு, வெள்ளைத் தெர்மாகோல் ஷீட் இரண்டு, கறுப்பு சார்ட் பேப்பர் நாலு, பைண்டர் கிளிப் ஒரு டஜன், புடவை கட்டும் பொம்மை, ஸ்டீம் அயர்ன், துணியில் ஒட்டிய நூலையும் முடியையும் எடுக்கும் ரோலர். வீடியோவில் பேசப் போகிறீர்கள் என்றால் காலர் மைக் ஒன்று.

ரிங் லைட் வேண்டாம். முகத்துக்கு அது நன்றாக இருக்கும். பட்டுக்கு நேர் எதிரில் வைத்தால் நெசவெல்லாம் தட்டையாகிவிடும், ஜரிகையில் வட்ட வட்டமாகப் பளிச்சென்று அடிக்கும்.

2. அறையை அடக்குவது

அறைக்குள் ஒரே நிற வெளிச்சம்தான் இருக்க வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் ஏறும்: மஞ்சள் பல்பு கிட்டத்தட்ட 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 பக்கம், வீட்டு டியூப் லைட் பெரும்பாலும் 6500. கேமரா இதில் ஒன்றைத்தான் வெள்ளையாக எடுத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் ஆரஞ்சாகவோ நீலமாகவோ புடவையின் ஏதோ ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே விளக்கில் எடுப்பதானால் ஜன்னலை மூடித் தடித்த திரை போடுங்கள், டியூப் லைட்டையும் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதானால் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். பக்கத்து அறை விளக்குகூடக் கதவு வழியாக உள்ளே வரும், அதையும் கவனியுங்கள்.

அடுத்தது சுவர். பச்சை, ரோஸ் நிறம் அடித்த சுவருக்குப் பக்கத்தில் வெளிர்நிறப் புடவையை வைத்தால் அந்த நிறம் துணியில் ஏறிவிடும். ஒருமுறை ஒரு சந்தன நிறப் புடவையின் முந்தியில் மட்டும் லேசான சிவப்பு வந்துகொண்டே இருந்தது. விளக்கை மாற்றினோம், செட்டிங்கை மாற்றினோம், போகவில்லை. கடைசியில் பார்த்தால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் சிவப்பு டி-ஷர்ட் போட்டிருந்தான். படம் எடுக்கும் நாளில் சாம்பல் அல்லது கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சுவரை மாற்ற முடியாதென்றால் வெள்ளை வேட்டியைக் கட்டி மறைத்தால் போதும்.

ஜன்னலை நம்பி எடுப்பவர்களுக்கு ஒன்று. வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் விழாது, அதில்தான் எடுக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நம்மைவிட வெகு வடக்கே இருக்கும் நாடுகளுக்கு அது பெரும்பாலும் சரி. காஞ்சிபுரம், சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் விழும். அந்த மாதங்களில் ஜன்னலில் டிரேசிங் பேப்பரோ மெல்லிய வெள்ளைத் துணியோ கட்டிவிட்டு எடுங்கள்.

3. புடவையைத் தயார் செய்வது

மடிப்புக் கோட்டைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உடல் பகுதியில் அழிக்கலாம், ஆனால் கோடு புட்டா மேலேயோ ஜரிகைக் கரை மேலேயோ போனால் அழிக்கும்போது நெசவு கலைந்து தெரியும், நெசவு தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உள்பக்கமாக, ஜரிகை மேல் சூட்டை நேராக வைக்காமல் ஸ்டீம் அடியுங்கள். பிறகு ரோலரை உருட்டுங்கள். பொம்மையில் கட்டியதும் கொசுவத்தை உள்ளே பைண்டர் கிளிப் போட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் பத்தாவது படத்துக்குள் சரிந்துவிடும்.

பொம்மைக்குப் பின்னால் குறைந்தது நாலடி விட்டுப் பின்னணித் துணி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் நிழல் சுவரில் விழும். பின்னணி வெளிர் சாம்பல் நிறமாக இருந்தால் எந்தப் புடவைக்கும் பொருந்தும். தூய வெள்ளைப் பின்னணியில் கேமரா ஆட்டோவில் இருந்தால் ஏமாந்து புடவையை இருட்டாக்கும்.

4. முக்கிய விளக்கு: ஒன்றை மட்டும் வைத்து ஆரம்பியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் இரண்டு விளக்கையும் இரண்டு பக்கமும் சமமாக வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். எல்லா இடமும் வெளிச்சமாக இருக்கும், ஆனால் கொசுவ மடிப்பு ஒன்றுகூட எழும்பித் தெரியாது. நிழல் இருந்தால்தான் துணிக்குக் கனம் தெரியும்.

ஒரே விளக்கு. பொம்மைக்கு இடது பக்கம், கேமராவிலிருந்து 45 டிகிரி தள்ளி, தோளுக்குச் சற்று மேலே, கொஞ்சம் கீழே பார்த்தபடி. இப்போது கேமராவைத் தொடாமல் விளக்கை மட்டும் இன்னும் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். 60 டிகிரி பக்கம் போகும்போது ஜரிகையின் ஒவ்வொரு இழையும் சின்னச் சின்ன மேடாக எழும்பும், பட்டின் பளபளப்பு மடிப்பின் விளிம்பில் ஒரு கோடாக ஓடும். இன்னும் நகர்த்தினால் பாதிப் புடவை இருட்டில் போய்விடும். அந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் புடவைக்குச் சரியான இடம் இருக்கிறது, அது புடவைக்குப் புடவை மாறும். மொபைலில் பார்த்துச் செய்யாமல் கண்ணால் பார்த்து நகர்த்தப் பழகுங்கள்.

தூரம் எவ்வளவு? இங்கே ஒரு கணக்கு உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். விளக்கு தோளிலிருந்து 3 அடியிலும் கீழ்க்கரையிலிருந்து 6 அடியிலும் இருந்தால், கரைக்குக் கிடைப்பது தோளுக்குக் கிடைப்பதில் கால்வாசிதான். காஞ்சிப் பட்டில் விலையே கரையில்தான் இருக்கிறது, அது இருட்டில் கிடக்கும். விளக்கைத் தோளிலிருந்து 6 அடிக்குத் தள்ளினால் கரைக்கு ஏறக்குறைய 8 அடி. இப்போது பாதிக்குச் சற்று மேலேயே கிடைக்கும். முழு உருவத்துக்கு விளக்கைத் தள்ளி வையுங்கள், முந்தியை மட்டும் நெருக்கத்தில் எடுக்கும்போது பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

ஆனால் தள்ளி வைக்க வைக்க நிழலின் விளிம்பு கூர்மையாகும், ஏனென்றால் புடவையின் பார்வையில் சாஃப்ட்பாக்ஸ் சின்னதாகிவிடுகிறது. அதற்கு நான் செய்வது: சாஃப்ட்பாக்ஸுக்கு முன்னால் ஓரடி விட்டு, கொடியில் ஒற்றை மடிப்பு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுவேன். வேட்டி முழுதும் ஒளிர்ந்து அதுவே பெரிய விளக்காகிவிடும். வேட்டி பழுப்பேறி இருக்கக் கூடாது, நீலம் போட்டதாகவும் இருக்கக் கூடாது.

5. எதிர்ப்பக்கம்: தெர்மாகோலும் கறுப்பு சார்ட்டும்

இரண்டாவது விளக்கை இன்னும் எடுக்காதீர்கள். வலது பக்கம் இரண்டடி தள்ளித் தெர்மாகோலை நிறுத்துங்கள், நிழல் மெதுவாகத் திறக்கும். பக்கத்தில் நகர்த்தினால் அதிகம் திறக்கும், தள்ளினால் குறையும். இதிலேயே பெரும்பாலான புடவைகள் முடிந்துவிடும்.

ஜரிகைக்குத் தெர்மாகோல் வேறொரு உதவியும் செய்கிறது. ஜரிகை கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் இருட்டறை இருந்தால் தங்க ஜரிகை பழுப்பாக, பழைய பித்தளை போலத் தெரியும். “ஜரிகை மங்கலா இருக்கு, எக்ஸ்போஷரைக் கூட்டட்டுமா அண்ணா?” என்று கேட்பார்கள். எக்ஸ்போஷர் என்றால் படத்தின் மொத்த வெளிச்சம்; கூட்டினால் புடவை வெளுக்கும், ஜரிகை அப்படியேதான் இருக்கும். தெர்மாகோலைக் கரைக்கு எதிரில், கேமராவுக்குப் பக்கத்திலேயே தாழ்வாகச் சாய்த்து வையுங்கள், கரை முழுக்கத் தங்கம் எழுந்து வரும்.

வெளிர்நிறப் புடவை, வெள்ளி ஜரிகை இவற்றுக்கு நேர்மாறு. எல்லாம் வெளிச்சத்தில் கரைந்து விளிம்பே தெரியாது. அப்போது கறுப்பு சார்ட்டை இரண்டு பக்கமும் படத்துக்கு வெளியே நிறுத்தினால் விளிம்பில் மெல்லிய கருங்கோடு விழுந்து புடவை பின்னணியிலிருந்து பிரியும்.

கறுப்பு, அடர் நீலப் புடவை என்றால் மட்டும் இரண்டாவது விளக்கு. பொம்மைக்குப் பின்னால் உயரத்தில் இருந்து தோளையும் முந்தி விளிம்பையும் தொடும்படி, முதல் விளக்கைவிடக் குறைவான வெளிச்சத்தில். இரண்டும் ஒரே கெல்வினில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. கேமரா செட்டிங்: இந்த வரிசையில்

முதலில் அழகாக்கும் வேலைகளையெல்லாம் நிறுத்துங்கள். பியூட்டி, ஏஐ சீன், எச்டிஆர், விவிட் நிறம் எல்லாம். இலையைப் பார்த்தால் பச்சையைக் கூட்டும் அந்த ஏஐ, பச்சைப் புடவையிலும் அதையே செய்யும்.

அடுத்து ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவு) 100. பொம்மை அசையாது, கேமரா டிரைபாடில் இருக்கிறது, ஆகவே ஐஎஸ்ஓவைக் கூட்டத் தேவையே இல்லை. கேமராவில் அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப்8. தோளிலிருந்து கொசுவ முனை வரை கூர்மையாக இருக்கும். பெரும்பாலான போன்களில் அப்பெர்ச்சரை மாற்ற முடியாது, பரவாயில்லை. கடைசியில் ஷட்டரை (வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை) மட்டும் மாற்றி வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். 1/10 நொடி வந்தாலும் கவலை வேண்டாம், மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு நொடி டைமரில் எடுங்கள்.

ஆள் கட்டி நிற்கிறார் என்றால் கதை வேறு. அப்போது 1/100, ஐஎஸ்ஓ 400 முதல் 800 வரை. ஏன் 1/100? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழுத் துடிப்பு கிடைக்கும். 1/250 மாதிரி வைத்தால் படத்தில் குறுக்கே பட்டைகள் விழும், ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும்.

ஹிஸ்டோகிராமை (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தை) திறந்து வையுங்கள், முடிந்தால் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக. அரக்கு, ராணி பிங்க், மாம்பழ மஞ்சள் புடவைகளில் மொத்த வரைபடம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். முட்டிய இடத்தில் மடிப்பு, நெசவு எதுவும் இருக்காது, வெறும் சிவப்புப் பூச்சு. சிவப்பு முட்டுவது நிற்கும் வரை ஷட்டர் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும் ரா ஃபைலில் அதை மேலே தூக்கலாம். முட்டிப் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சின்னக் கட்டம் போட்ட புடவையில் திரையில் அலை அலையாக வானவில் மாதிரி வந்தால் அது நெசவுக் கோடும் சென்சார் கட்டமும் மோதுவதால் வருவது. கேமராவை அரையடி முன்னே பின்னே நகர்த்துங்கள், இல்லை லேசாகத் திருப்புங்கள். எடுத்த பிறகு நீக்குவது பெரிய வேலை.

7. கிரே கார்டு: இதைத் தவிர்த்தவர்கள்தான் எல்லோரும் திரும்ப எடுக்கிறார்கள்

ஒவ்வொரு புடவைக்கும் முதல் படம் கிரே கார்டோடு. கார்டைப் புடவையின் மேலேயே, மார்புப் பக்கம், விளக்கைப் பாதி கேமராவைப் பாதி பார்த்தபடி பிடியுங்கள். பிறகு கார்டை எடுத்துவிட்டு, விளக்கையும் செட்டிங்கையும் தொடாமல் மற்றதை எடுங்கள். விளக்கை நகர்த்தினால், வேட்டியைக் கட்டினால், தெர்மாகோலை மாற்றினால் மறுபடி கார்டு.

ஏன் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவே முடிவு செய்வது) போதாது? படம் முழுக்க மஞ்சளாக இருந்தால் விளக்குதான் மஞ்சள் என்று கேமரா நினைத்து நீலத்தைக் கூட்டிவிடும். மாம்பழ மஞ்சள் புடவை எலுமிச்சை நிறமாவது இப்படித்தான். கார்டு நடுநிலையான சாம்பல் என்பது நமக்குத் தெரியும், அதை வைத்து விளக்கின் நிறத்தைத் தனியாகப் பிரித்துவிடலாம்.

கார்டுக்குப் பதில் ஏ4 பேப்பரைப் பிடிக்காதீர்கள். வெள்ளையாகத் தெரிவதற்காக அதில் சேர்த்திருக்கும் பொருள் ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் காட்டும், அதை வெள்ளை என்று எடுத்துக்கொண்டால் புடவை முழுதும் மஞ்சள் பக்கம் சாயும்.

8. எந்தெந்தப் படங்கள்

முழு உருவம் முன்னால், பின்னால், முந்தியை முழுதாக விரித்து, கரை நெருக்கமாக, புட்டா நெருக்கமாக, ரவிக்கைத் துணி, கடைசியாகத் துணியின் உள்பக்கம். உள்பக்கத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், ஆனால் புடவை தெரிந்து வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

இரட்டை நிறப் புடவைக்கு ஒரே படம் எப்போதும் போதாது. பாவு (நீளவாக்கு இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒன்று மேலே வரும். மயில்கழுத்தில் நீலப்படம் மட்டும் போட்டால் பச்சையைப் பார்த்து வாடிக்கையாளர் அதிர்ச்சியாவார். இரண்டு கோணத்தில் இரண்டு படம், அதோடு வீடியோவில் ஒரு அசைவு.

9. போட்டோ எடிட்டிங்: வரிசை மாறக் கூடாது

லைட்ரூம், டார்க்டேபிள், போனில் ஸ்நாப்சீட், எதில் வேண்டுமானாலும் செய்யுங்கள். டார்க்டேபிள் இலவசம். முதலில் திரையைச் சரிசெய்யுங்கள்: நைட் லைட், கண் பாதுகாப்பு மோடு எல்லாவற்றையும் அணைத்து, போனில் எடிட் செய்வதானால் திரையின் நிறத்தை விவிடிலிருந்து நேச்சுரலுக்கு மாற்றுங்கள். மஞ்சள் ஏறிய திரையைப் பார்த்து எடிட் செய்தால் நீலமேறிய படம்தான் வெளியே போகும்.

முதலில் ஒயிட் பேலன்ஸ். கார்டு இருக்கும் படத்தைத் திறந்து டிராப்பரால் (நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவியால்) கார்டைத் தொடுங்கள். அந்த அளவைக் காப்பி செய்து அதே புடவையின் மற்ற படங்களில் பேஸ்ட் செய்யுங்கள். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், இதை மாற்றும்போது மூன்று நிறங்களின் வெளிச்சமும் மாறும். எக்ஸ்போஷரை முன்னாடியே சரிசெய்திருந்தால் மறுபடி செய்ய வேண்டி வரும்.

இரண்டாவது எக்ஸ்போஷர், அதோடு ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதிகளை) கொஞ்சம் இறக்கி ஜரிகையின் இழைகளை மீட்பது. மூன்றாவது பிளாக் பாயிண்ட்: மடிப்பின் அடி ஆழத்தில் மட்டும் கறுப்பு தொடட்டும். இந்த மூன்றிலேயே படம் முக்கால்வாசி முடிந்துவிட்டிருக்கும்.

நான்காவதுதான் நிறம், அதுவும் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு. பகல் வெளிச்சம் வரும் இடத்தில் திரைக்குப் பக்கத்தில் புடவையைப் பிடித்துப் பாருங்கள். ஊதா, கத்தரிப்பூ நிறம், எம். எஸ். சுப்புலட்சுமியால் பெயர் பெற்ற எம்.எஸ். புளூ, இவையெல்லாம் கார்டு வைத்து எடுத்தாலும் நீலம் பக்கமாக நழுவும். அதற்கு மொத்தப் படத்தையும் திருப்பாமல், நிறம் வாரியாக மாற்றும் கருவியில் ஊதாவை மட்டும் எடுத்து, சாயலை ஐந்து ஐந்தாக நகர்த்துங்கள். சாச்சுரேஷனை (நிறத்தின் அழுத்தத்தை) கூட்டுவது கடைசி வழி. கூட்டினால் போனில் கவர்ச்சியாக இருக்கும், புடவை திரும்பி வரும்.

ரெடிமேட் ஃபில்டர், பிரிசெட் எதுவும் இங்கே வேண்டாம். வெதுவெதுப்பான மஞ்சள் காட்டும் பிரிசெட் போட்டால் கிளிப்பச்சை வாழைக்குருத்து நிறமாகிவிடும்.

ஐந்தாவதாகத்தான் எஃபெக்ட். எனக்குப் பிடித்தது மடிப்புக்கு உயிர் கொடுப்பது. ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ புது லேயர் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) எடுத்து 50 சதவீத சாம்பலால் நிரப்பி, அதை சாஃப்ட் லைட் மோடில் வையுங்கள்; படத்தில் எதுவும் மாறாது. இப்போது மிருதுவான பிரஷ்ஷை 5 சதவீத அழுத்தத்தில் வைத்து, மடிப்பின் மேட்டில் வெள்ளையும் பள்ளத்தில் கறுப்பும் தடவுங்கள். ஏற்கெனவே இருக்கும் நிழலைத் தொடர்ந்தே போங்கள், புதிதாக உருவாக்காதீர்கள். பத்து நிமிடம் செய்துவிட்டு அந்த லேயரை அணைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். அதிகமாகிவிட்டால் லேயரின் ஒபாசிட்டியை (அது எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவை) பாதியாக்குங்கள்.

பின்னணியை வெட்டி மாற்றுவதாக இருந்தால் குஞ்சத்தில் நேரம் செலவிடுங்கள். ஆட்டோவாக வெட்டும் கருவிகள் குஞ்சத்தை மொட்டையடித்துவிடும். புதுப் பின்னணியில் காலடி நிழல் இல்லையென்றால் புடவை காற்றில் மிதக்கும், பழைய நிழலைத் தனி லேயராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ப்பன் கடைசியில், சைஸைக் குறைத்த பிறகு. வெளியே எடுக்கும்போது நிற அளவை எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளும் ஆப்களும் எதிர்பார்க்கும் நிற முறை) என்று வையுங்கள். அடோபி ஆர்ஜிபியில் எடுத்தால் பல ஆப்களில் சாம்பல் ஏறி மங்கலாகத் தெரியும்.

10. வீடியோ: கேமராவை நிறுத்திப் புடவையை அசையுங்கள்

நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. காரணம் மேலே சொன்ன அதே 50 ஹெர்ட்ஸ். போனில் 25 இல்லையென்றால் 30 வைத்து ஷட்டரை மட்டும் 1/50-இல் நிறுத்துங்கள். ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ், எக்ஸ்போஷர் மூன்றையும் லாக் செய்யாமல் எடுத்தால் முந்தியைத் திருப்பும்போதெல்லாம் நிறம் மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும். ஐபோனில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள், வேறு போன்களில் போய் வெளிறித் தெரியும்.

முதல் ஷாட்டில் கிரே கார்டைக் காட்டி ஒரு தடவை கை தட்டுங்கள். கார்டு நிறத்துக்கு, தட்டல் ஒலியைப் பொருத்த. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாலும் பின்னாலும் மூன்று நொடி சும்மா விடுங்கள், வெட்டும்போது இடம் வேண்டும்.

கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு புடவை மேல் ஓடவிடுவதுதான் எல்லோரும் செய்வது. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். டிரைபாடில் நிறுத்திவிட்டு, ஒருவர் முந்தியை இரண்டு கையிலும் பிடித்து மெதுவாக விளக்குப் பக்கம் சாய்த்து, பிறகு திருப்பட்டும். பட்டின் மினுமினுப்பு துணி மேல் ஓடும், இரட்டை நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறுவது அப்படியே தெரியும். எந்த எஃபெக்ட்டும் இதைக் காட்டாது.

ஸ்லோமோஷனுக்கு 120 ஃபிரேம் வைத்தால் சாதாரண எல்இடியில் படம் துடிக்கும். துடிப்பில்லாத விளக்கு என்று சோதித்துப் பார்த்தால் மட்டும் அதில் எடுங்கள், இல்லை பகல் வெளிச்சத்துக்குப் போய்விடுங்கள்.

11. பேசுகிற ஒலி

மின்விசிறி நிறுத்தம். மைக் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, ரவிக்கையில், பட்டு உரசாதபடி. பட்டு உரசும் ஒலி மைக்கில் பேப்பர் கசக்குவது போல விழும், பிறகு நீக்க முடியாது. பேசும்போது அளவு மைனஸ் 12 டெசிபெல் பக்கம் ஆடட்டும், சத்தமாகச் சொல்லும் இடத்திலும் பூஜ்யத்தைத் தொடக் கூடாது. காலி அறையில் எதிரொலி வந்தால் படத்துக்கு வெளியே இரண்டு மெத்தையை நிறுத்துங்கள். கடைசியில் யாரும் பேசாமல் அறையின் அமைதியை இருபது நொடி பதிவு செய்துகொள்ளுங்கள், வெட்டிய இடங்களுக்கு அடியில் அதைப் போட்டால் ஒட்டு தெரியாது.

12. வீடியோ எடிட்டிங்

டாவின்ச்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். போனில் எடுத்த வீடியோவில் ஃபிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது, அதனால் தனி மைக் ஒலி போகப் போக உதட்டசைவிலிருந்து விலகும். உள்ளே கொண்டுவருவதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் வெட்டி முடியுங்கள், நிறம் அப்புறம். வெட்டித் தூக்கி எறியப் போகும் ஷாட்டுக்கு நிறம் பார்ப்பது வீண்வேலை. நிறத்துக்கு வந்ததும் கிரே கார்டு ஷாட்டைத் திறந்து வெக்டர்ஸ்கோப்பை (நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வட்டத்தில் காட்டும் வரைபடத்தை) பாருங்கள்: கார்டு சரியாக இருந்தால் புள்ளி நட்டநடுவில் இருக்கும், தள்ளி இருந்தால் நடுவுக்கு வரும்வரை நகர்த்துங்கள். அந்த அளவை அதே விளக்கில் எடுத்த எல்லா ஷாட்டிலும் ஒட்டுங்கள். பிறகு போட்டோவையும் வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் புடவை ஒரே நிறமாக இல்லையென்றால் வாங்குகிறவர் எதை நம்புவார்?

ஷாட் மாறும் இடத்தில் சுழல்வது, பறப்பது எல்லாம் வேண்டாம், நேர் வெட்டு போதும். ரீல்ஸுக்கு 1080க்கு 1920, எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) வைத்து வெளியே எடுங்கள். புட்டா நிறைந்த புடவை கட்டம் கட்டமாக உடைந்தால் 12 வரை கூட்டலாம்.

13. அனுப்புவதற்கு முன்

பழைய போன் ஒன்று, புதுப் போன் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, மூன்றிலும் பக்கத்தில் புடவையை வைத்துப் பாருங்கள். மூன்றும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. மூன்றிலும் அதே பெயர் சொல்லக்கூடிய நிறமாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி: அரக்கு அரக்காக, ராமர் பச்சை ராமர் பச்சையாக. கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி ஜரிகை மாவாகிவிடும்.

ஃபைல் பெயரில் புடவை எண்ணைப் போட்டு, கிரே கார்டு படத்தையும் அதே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே டிசைனில் வேறு நிறம் வந்து, பழைய படத்தோடு சேர்த்துப் போடச் சொல்வார்கள். அப்போது பழைய படத்தை மறுபடி சரிபார்க்க அந்த ஒரு கார்டு படம்தான் கையில் இருக்கும்.